மேனேஜருக்கு இரண்டு கோட்

நாற்பது வருஷமாக மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர் அவர். அலுவலக மேஜையோ பள்ளிக்கூட பெஞ்சோ, எது வந்தாலும் முதலில் விரல் நுனியால் ஒரு தடவு தடவிப் பார்ப்பார். எத்தனை கோட் வேண்டும் என்று கை சொல்லிவிடும். தெருவில் எல்லோருக்கும் அவர் பாலிஷ்காரர்தான். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

வீட்டில் ஓர் ஆமை இருந்தது. மனைவி வேலை பார்த்த தையல் கம்பெனியை மூடியபோது, வாசலறைத் தொட்டியில் கிடந்த அதை யாரும் எடுத்துப் போகவில்லை. அவள்தான் வாளியில் போட்டுக் கொண்டுவந்தாள். ஒரு வேலையும் செய்யாமல் நாளெல்லாம் கழுத்தை நீட்டி எல்லோரையும் முறைத்ததால், மேனேஜர் என்று பெயர் வைத்தாள். பதினோரு வருஷமாகத் தீனி போடுவது, தண்ணீர் மாற்றுவது, காலையில் பால்கனி வெயிலில் முதுகைக் காயவிடுவது எல்லாம் அவள் பொறுப்பு.

அக்காவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை என்று ஒன்றரை மாதம் அவள் வெளியூர் போக வேண்டி வந்தது.

"வெயில்ல வைக்க மட்டும் மறந்துடாதீங்க" என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் மறக்கவில்லை. அப்படி வெயிலில் வைத்திருந்தபோதுதான் பார்த்தார், ஓட்டின் மேல் தகடுகள் ஓரத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றன. விரலால் தடவினார். பழைய வார்னிஷ் உரிகிற மாதிரியே இருந்தது. அவருக்கு அத்துப்படியான வியாதி. நைசான உப்புத்தாளால் பட்டும் படாமலும் தேய்த்துத் துடைத்து, இரண்டு கோட் வார்னிஷ் அடித்தார். முகம் பார்க்கலாம் போல ஓடு மின்னியது.

பக்கத்து வீட்டு டிரைவர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, மேனேஜருக்கு பிரமோஷனா?"

அவள் வந்து பார்த்தால் அசந்துபோவாள் என்று பாலிஷ்காரர் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அவள் வந்தாள். தொட்டிப் பக்கம் குனிந்தவள் மூக்கைச் சுளித்தாள். ஆமையைத் தூக்கி ஓட்டின் விளிம்பை அழுத்திப் பார்த்தாள். மினுமினுப்புக்குக் கீழே வெள்ளையாக ஒரு திட்டு. நகம் பட்டதும் அமுங்கியது. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆமையை வாளியில் வைத்துக்கொண்டு கால்நடை டாக்டரிடம் கிளம்பினாள். அவர் பின்னால் ஓடினார்.

டாக்டரம்மா அவர் சொன்னதை முழுசாகக் கேட்டார். "ஓடு மரமில்லைங்க, உயிருள்ள எலும்பு. மேல் தகடு பழசானா தானா உரிஞ்சு விழும். நீங்க அதை மூடி ஒட்டிட்டீங்க. அடியில ஈரம் மாட்டி அழுக ஆரம்பிச்சிருக்கு. மேல பட்ட வெயிலும் உள்ள போகல."

"பிழைச்சுக்குமா?" என்றாள் மனைவி.

"ஆழமா போகல. போகவிடாம பார்த்துக்கணும்."

"தின்னர் தொட்டுத் துடைச்சா வார்னிஷை ரெண்டு நிமிஷத்துல எடுத்துடலாம்" என்றார் அவர்.

"ஆமையும் சேர்ந்து போயிடும்" என்றார் டாக்டரம்மா.

நாலு தடவை வரச்சொல்லி, வார்னிஷைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தார். வீட்டில் தினமும் மருந்து தடவி நாளில் பெரும்பகுதி ஈரமில்லாமல் வைக்க வேண்டும். தின்னவும் குடிக்கவும் மட்டும் சுத்தமான தண்ணீரில் விடலாம். எல்லாவற்றையும் மனைவியே செய்தாள். பத்து நாள் அவரிடம் அளந்துதான் பேசினாள்.

"நான் எதாவது பண்ணட்டுமா?" என்று பதினோராம் நாள் கேட்டார்.

"அது தண்ணியில இருந்து ஏறிக் காய ஒரு பலகை வேணுமாம். செஞ்சு குடுங்க. பாலிஷ்காரரே, வெறும் பலகை."

அறுத்து முடித்ததும் கை தானாக உப்புத்தாளைத் தேடியது. வழவழவென்றிருந்தால் கால் வழுக்குமே என்று நினைவு வந்து தாளைத் திரும்ப வைத்தார். உளியால் குறுக்கே கோடு கோடாகக் கீறினார். பார்க்கச் சகிக்கவில்லை. மறுபடி வழக்கம்போலத் தண்ணீரில் விட ஆரம்பித்த மூன்றாம் நாள் மேனேஜர் அதில் ஏறி, பின்னங்கால்களைப் பப்பரப்பே என்று நீட்டிக்கொண்டு கிடந்தது.

இரண்டு மாதத்தில் அந்தத் திட்டு இறுகிவிட்டது. ஒருநாள் தண்ணீரில் நகத்தைவிட மெல்லிய தகடு ஒன்று மிதந்தது. அதன் ஒரு மூலையில் இன்னும் வார்னிஷ் மினுங்கியது.

"உங்க வேலை சுத்தம்தான். தண்ணியில ஊறியும் போகல பாருங்க" என்றாள் மனைவி. பல நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். "நல்லவேளை, என்னை மட்டும் விட்டு வச்சீங்க."

அக்காவுக்கு இன்னொரு முழங்காலும் பாக்கியிருந்தது. ஆமையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். பெட்டியைத் தூக்கும்போது அவள் தீனி டப்பாவை அவர் கையில் கொடுத்தாள்.

"தினம் பாருங்க. ஏதாவது தெரிஞ்சா முதல்ல எனக்கு போன். கை மட்டும் வைக்காதீங்க."

அவள் போன மறுநாள் காலை, பால்கனியில் தொட்டிப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதுகின் நடுவில் இன்னொரு தகடு ஓரம் தூக்கியிருந்தது. விரல் நீண்டது, பாதி வழியில் மடங்கியது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தார். மேனேஜர் கழுத்தை நீட்டி அவரை முறைத்தது.