மாவு வண்டிகளும் தலைச்சோலை ஞானசுந்தரியும்

ஞானசுந்தரி அக்காவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவரோடு எனக்குச் சண்டை வந்துவிட்டது. ஐப்பசி மழையில் ஏற்காட்டு மலையின் செம்மநத்தம் ரோடு ஓரிடத்தில் அப்படியே பள்ளத்துக்குள் சரிந்திருந்தது. ரேஷன் அரிசி லாரி சரிவுக்கு அந்தப் பக்கம், எங்கள் ஊர் இந்தப் பக்கம். சேலத்தில் பி.காம். முடித்துவிட்டு நான் ஊரில் இருந்த நேரம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்பதால், ஊர்ப் பிரச்சினை எதுவானாலும் என் போன் நம்பரைத்தான் கொடுப்பார்கள். அன்றும் ஒரு புது நம்பர் கூப்பிட்டது.

"ஏனுங்க, ஐயாக்கண்ணு அண்ணன் பையன் ஜீவானந்தந்தானுங்களே? அரிசிய வாங்கி எறக்கி வெக்க அந்தப் பக்கம் யாருங்க நிக்கிறாங்க?"

"நீங்க மொதல்ல அனுப்புங்க, அப்பறம் பாத்துக்கலாங்க."

"வாங்கற ஆளு நிக்காம ஒரு மூட்டகூட நகராதுங்க. நனையாத எடம் எது? நடக்க முடியாதவங்க ஊட்டுக்கு யாரு தூக்கிட்டுப் போவாங்க? அதச் சொல்லிப்போட்டு போன வெய்ங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "யாருங்க நீங்க, தாசில்தாருங்களா?"

"இல்லீங்க. லீவுல வந்திருக்கறனுங்க."

வேறு வழியில்லாமல் பள்ளிக்கூட அறையைத் திறக்கச் சொல்லி, தெருவுக்கு இரண்டு ஆள் பிடித்து நிறுத்திவிட்டுத் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னேன். அதன் பிறகு சரிவின் மேல் ஆட்கள் வரிசையாக நின்று, மூட்டைகள் கைமாறிக் கைமாறி வந்தன. அரிசி எல்லாம் ஊருக்குள் போன பிறகு, ரப்பர் செருப்பும் கிழிந்த குடையுமாகக் குள்ளமான ஒரு பெண் சரிவைத் தாண்டி வந்தார். நாற்பது வயதிருக்கும்.

"நீங்கதானுங்களா அந்தக் கோவக்காரரு?" என்று சிரித்தார்.

தலைச்சோலையில் எஸ்டேட் லாரி ஓட்டிய பாக்கியநாதன் ஐயாவின் மகள் அவர். எங்கே வேலை என்று ஊரில் விசாரித்தால், வெளிநாட்டில் ஏதோ பார்சல் ஆபீஸ் என்பார்கள். "சாமான் அனுப்பற வேலைங்க" என்று அவரே சொல்லிக்கொண்டால் மற்றவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? உண்மையில் அவர் வேலை செய்வது ஒரு நிவாரண அமைப்பில். சண்டை நடக்கிற, பாதை அடைபட்ட ஊர்களில் மாட்டிக்கொண்ட மக்களுக்கு மாவு, மருந்து, தார்ப்பாய் போய்ச் சேர வேண்டும். எதை வாங்குவது, எந்த ரோட்டில் அனுப்புவது, எந்தத் தரப்பிடம் அனுமதி கேட்பது, போய்ச் சேருகிற இடத்தில் யார் வாங்குவது என்று முடிவு செய்வது அக்காவின் பொறுப்பு.

அந்த வேலை தொடங்கியது நாகப்பட்டினத்தில். சுனாமி வந்தபோது, மிஷன் பள்ளியில் படித்து முடித்துக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த அக்கா, சர்ச் ஆட்களோடு உதவிக்குப் போனார். ரோட்டோரம் பழைய துணி மலை மலையாக மழையில் ஊறிக் கிடந்தது. பக்கத்திலேயே சோறு வடிக்கப் பாத்திரம் இல்லாமல் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். "குடுக்கறவங்க மனசு நொம்ப நல்ல மனசுதான். ஆனா என்ன வேணும்னு ஒருத்தருகூடக் கேக்கலையே" என்றார் என்னிடம். அங்கே கிடங்கு வேலையில் சேர்ந்தவர், படிப்பையும் விடாமல் முடித்து, பத்தாண்டுகளுக்குள் நாடு தாண்டிப் போய்விட்டார்.

மழை விட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைச்சோலையில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வரக்காப்பி கொடுத்தார்கள். பாக்கியநாதன் ஐயா மிளகை முறத்தில் பரப்பிக் காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில், "நீங்க பயந்த நாள் ஏதாச்சும் இருக்குங்களாக்கா?" என்று கேட்டேன்.

"அதெயெல்லாம் எதுக்குத் தம்பி..." என்று அக்கா இழுத்தார்.

"ஹாரன் கதையச் சொல்லு கண்ணு" என்றார் ஐயா. "என்ற பேரக் கெடுத்த கதைய."

அது ஒரு மலைநாடு. பெயரை எழுத வேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டார், அங்கே இன்னும் வண்டி போய்க்கொண்டிருக்கிறது. பள்ளத்தாக்கின் கோடியில் ஒரு மருத்துவமனையும் அதை ஒட்டிச் சில கிராமங்களும். போக ஒரே ரோடுதான். ரோட்டின் கீழ்ப்பாதி ஒரு தரப்பின் கையில், மேல்பாதி இன்னொரு தரப்பின் கையில். பனி விழுந்து கணவாய் மூடுவதற்குள் மாவும் மருந்தும் உள்ளே போய்விட வேண்டும். மூடிவிட்டால் வசந்தம் வரைக்கும் ஒன்றும் போகாது. இரண்டு தரப்பிடமும் மாதக்கணக்கில் பேசி அனுமதி வாங்கியிருந்தார் அக்கா.

எதிரே வருவது தெரியாத வளைவுகள், போதாததற்கு மூடுபனி. புறப்படும்போது டிரைவர்களிடம் அக்கா அழுத்திச் சொன்னார்: ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடியுங்கள். ஏற்காட்டு மலையில் பிறந்த யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஹாரன் அடிக்காமல் கொண்டை ஊசி வளைவில் திரும்புகிறவனை எங்கள் பக்கத்தில் டிரைவர் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மேல்பாதியில் காவல் நின்றவர்களுக்கு மூடுபனிக்குள் வண்டி தெரியவில்லை, விட்டு விட்டு வருகிற ஹாரன் மட்டும் கேட்டது. எதிரிக்குச் சைகை கொடுக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். வண்டிகளை மறித்து, முதல் வண்டி டிரைவர் யூசுபைப் பிடித்துக் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள்.

"வளைவுக்குத்தான் ஹாரன் அடிக்கச் சொல்லி வளத்தேன்" என்றார் ஐயா, மிளகிலிருந்து தலையை எடுக்காமல். "துப்பாக்கிக்காரன் காதுக்குள்ள போயி அடிக்கவா சொன்னேன்?"

"நீயும் அந்த ரோட்டப் பாத்திருந்தா அடிச்சிருப்பப்பா."

"அடிச்சிருப்பேன், அடிச்சிருப்பேன். உன்னையாட்டம் நாலு வண்டிக்காரனச் சேத்து மாட்டியுட்டிருக்க மாட்டேன்."

சேதி தெரிந்ததும், இரண்டு தரப்புக்கும் சொல்லிவிட்டு, மொழிபெயர்க்கிற பெண்ணோடு அக்காவே அந்தக் காவலுக்குப் போனார். ஹாரன் அடிக்கச் சொன்னது நான்தான், யூசுபை விட்டுவிடுங்கள் என்றார். காவல் தலைவன் நம்பவில்லை. அப்போது அக்காவுக்கு வாய் நிற்கவில்லை.

"அடிக்க வர்றவன் ஹாரன் அடிச்சுக்கிட்டா வருவான்?"

மொழிபெயர்க்கிற பெண் தயங்கித் தயங்கித்தான் அதைச் சொன்னாள். காவல்காரர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். தலைவன் சிரிக்கவில்லை. மாவு போகட்டும், டிரைவர் இங்கேயே இருக்கட்டும், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்றான்.

வானம் பனிக்கு இருண்டுகொண்டிருந்தது. மருத்துவமனையில் மாவு தீர்ந்துகொண்டிருப்பதாக டாக்டர் சேதி அனுப்பியிருந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து சாட்டிலைட் போனில் மேலதிகாரி பேசினார்: முதலில் மாவை உள்ளே அனுப்புங்கள், யூசுபுக்காகப் பிறகு பேசலாம்.

"அவரு சொன்னதுலயும் தப்பில்லீங்க" என்றார் அக்கா என்னிடம். "அங்க புள்ளைங்க பசியில இருக்குது. ஆனா இன்னிக்கி ஒருத்தர உட்டுட்டுப் போனா, நாளைக்கி எந்த டிரைவரு நம்மள நம்பி ஸ்டியரிங்கத் தொடுவாரு? அப்பறம் மாவு எங்க போறது? யூசுப்போட ஊட்டம்மாகிட்ட நாந்தானுங்க சொல்லிக் கூட்டியாந்தேன், பத்திரமாக் கொண்டாந்து உடறேன்னு."

ஆள் இல்லாமல் வண்டி நகராது என்று சொல்லிவிட்டார். மாவோடு போகிறீர்களா, எல்லா வண்டிகளையும் திருப்பி அனுப்பட்டுமா என்று தலைவன் மிரட்டினான். அக்கா வெளியே வந்து டிரைவர்களிடம் நிலைமையை ஒளிக்காமல் சொன்னார். யூசுப் இல்லாமல் போகலாம், திரும்பியும் போகலாம், யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன் என்றார். அவர்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு மூத்த டிரைவர் ஒருவர் தன் வண்டிச் சாவியைக் கொண்டுவந்து அக்காவின் கையில் வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள்.

அக்கா சாவிகளை எடுத்துப்போய்த் தலைவனின் மேசைமேல் வைத்தார். "வண்டியும் இங்கதான் நிக்குது, மாவும் இருக்குது. யூசுப் இல்லாம எங்க டிரைவருங்க ஓட்ட மாட்டாங்க. உங்க ஆளுங்கள்ல யாராச்சும் இந்த ஏத்தத்துல லோடு வண்டி ஓட்டுவாங்கன்னா, தாராளமா ஏத்துங்க. அங்க மாவுக்குக் காத்திருக்கறது உங்க ஊருச் சனந்தான்."

தலைவன் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தான். அதன் மேல் பனி விழ ஆரம்பித்திருந்தது. தன் ஆட்களைப் பார்த்தான். ஒருவனும் முன்னால் வரவில்லை. முன்பு சிரித்தானே, அவன் மட்டும் தலைவனின் காதருகே போய் ஏதோ சொன்னான். அவனும் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவனாம், வளைவில் ஹாரன் எதற்கென்று தெரிந்தவன்.

கொஞ்ச நேரத்தில் யூசுபை வெளியே கொண்டுவந்தார்கள். உதடு வீங்கியிருந்தது. அக்கா அவரைத் திருப்பி அனுப்பத்தான் பார்த்தார், அவரோ நேராகப் போய்த் தன் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். தலைவன் ஒரு நிபந்தனை போட்டான்: இனி ஒவ்வொரு வளைவிலும் கட்டாயம் ஹாரன் அடிக்க வேண்டும். அடித்தால் மாவு வண்டி. அடிக்காமல் வந்தால் சுடுவோம். கீழ்ப்பாதித் தரப்பிடமும் அக்கா அதையே பேசி ஒப்புக்கொள்ள வைத்தார்.

அன்று சாயங்காலம் வண்டிகள் மருத்துவமனை வாசலைச் சேர்ந்தபோது, மூட்டை இறக்க டாக்டர் முதற்கொண்டு ஊரே வரிசையில் நின்றதாம். அடுத்த நாள் கணவாய் மூடிவிட்டது.

"அழுதீங்களாக்கா?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. எறக்கின மூட்டய எண்ணவே நேரமில்ல, இதுல அழுகற வேல வேறயா?"

"பொய் சொல்றா சாமி" என்றார் ஐயா. "எனக்குப் போன் போட்டு, அப்பா அப்பான்னு ஒரே அழுக. நான் பயந்துபோயி, என்ன கண்ணு ஆச்சுன்னா, ஹாரன் ஹாரன்னு மட்டும் சொல்றா. ஹாரன் ரிப்பேருக்கா இப்பிடி அழுகறேன்னு கேட்டுப்போட்டேன்!"

முறத்தில் மிளகு உருளும்படி மூவரும் சிரித்தோம். எங்கள் மலையில் காப்பித் தோட்டத்துக்குப் பொட்டலச் சோறோடு வேலைக்குப் போய்வரும் குடும்பங்களில் ஒன்றிலிருந்து போன பெண், ஆயுதத்தோடு இருந்தவர்களுக்கு முன்னால் ஆளை விட்டுக்கொடுக்காமல் நின்றிருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது. பெருமைப்பட்டதோடு நிற்காமல், அவருடைய சிபாரிசு இல்லாமலே தேர்வு எழுதி, சேலத்தில் ஒரு நிவாரணக் கிடங்கில் சேர்ந்திருக்கிறேன்.

ஞானசுந்தரி அக்கா அதே நாட்டில், அந்த மலைப்பகுதி முழுவதற்கும் போக்குவரத்துப் பொறுப்பாளராக இருக்கிறார். வண்டிகளை வழியனுப்புகிற வேலை யூசுபுடையது. இந்த வருடம் பனிக்கு முன்னால் மாவு போய்ச் சேர்ந்துவிட்டது. போன டிரைவர்கள் எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள்.