ஜன்னல் கட்டில்

போன வாரம் மகளோடு செம்பூரில் ஒரு புது ஹோட்டலுக்குப் போயிருந்தேன். நான் கை கழுவிவிட்டு வந்து உட்கார்வதற்குள் காப்பி மேஜைக்கு வந்துவிட்டது. கொண்டுவந்தவன் வடக்கே எங்கிருந்தோ வந்த இளைஞன், என்னை இதற்குமுன் பார்த்தவனில்லை. ஆனால் கப்பின் மேல் சாசரைக் கவிழ்த்து மூடி வைத்திருந்தான். சாசரைத் தூக்கினேன். அடியில் ஆவி முத்து முத்தாக வேர்த்திருந்தது. மூடிக் கிடந்த காப்பிக்கென்று ஒரு வாசனை உண்டு, ஈரத் துணிமேல் இஸ்திரிப்பெட்டி வைத்ததுபோல. அது மூக்கில் ஏறியதும் எனக்கு முதுகு சில்லிட்டுப் போயிற்று. காப்பியைப் பார்த்துப் பயப்படுகிற மனுஷனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இதோ இருக்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் நான் பம்பாய்க்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. அந்த வயதில் ஒருவனுக்கு அபிப்பிராயங்களைத் தவிர வேறு சொத்து ஏது? என்னிடம் அது மூட்டை மூட்டையாக இருந்தது. காப்பி என்றால் கருப்பட்டி போட்டு, நாக்கு பொத்துப்போகிற சூட்டில் குடிக்க வேண்டும். சோற்றில் சாம்பார் குளம் கட்டி நிற்க வேண்டும். வகிடு இடப்பக்கம். சட்டைக்கை மணிக்கட்டுவரை இறங்கி, பொத்தான் போட்டிருக்க வேண்டும். கையை மடித்துவிட்டவன் எல்லாம் என் கணக்கில் ரௌடி. படுக்கும் இடத்தில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. அது இருந்தால் பாதிரியார் வந்து கூப்பிட்டால்கூட எழுந்திருக்க மாட்டான் என்று எஸ்தர் அக்கா என்னைக் கேலி செய்வாள்.

அம்மா இல்லாத வீட்டில் என்னை வளர்த்தவள் அக்கா. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி தாராவிக்கு வந்தவள். அத்தானுக்குத் தோல் கிடங்கில் வேலை. என்னையும் வரவழைத்து, ஆபீஸ் வேலைக்கு ஆள் பிடித்துச் சொல்லி வைத்ததெல்லாம் அவள்தான். அவர்களுடைய ஒற்றை அறையில் எனக்கும் சேர்த்துக் கால் நீட்ட இடமில்லை. அதனால் மாட்டுங்காவில் பிரம்மச்சாரிகள் அறை ஒன்றில் ஒரு கட்டில் பிடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் தாராவிக்கு நடந்து போவேன். அங்கே கருவாட்டுக் குழம்பு காத்திருக்கும்.

அறையில் மூன்று கட்டில்கள். கதவோரக் கட்டிலில் மணி, பாலக்காட்டுக்காரர், இன்ஷூரன்ஸ் ஆபீஸ் கிளார்க். நடுக்கட்டில்காரருக்கு எப்போதும் ராத்திரி ஷிப்டு. அவரைவிட அவர் போர்வையைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். எனக்குக் கிடைத்தது ஜன்னலோர இரும்புக் கட்டில். நாடா பின்னியது. நடுவில் ஓர் ஆள் படுத்த பள்ளம் அப்படியே இருந்தது. நானோ குள்ளம். அந்தப் பள்ளத்தில் படுத்தால் கால்மாட்டில் ஒரு சாண் மிஞ்சும்.

முதல் நாள் மணி என்னைக் கீழே மெஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பரிமாறுகிற கிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஜன்னலா?" என்று மட்டும் கேட்டார். மணி தலையாட்டினார். என் இலையில் முதலில் ரசம் வந்து விழுந்தது. சாப்பாடு முடிந்ததும் காப்பி வந்தது, சர்க்கரை இல்லாமல், சாசரால் மூடி. நான் மணியைப் பார்த்தேன். அவர் சாவகாசமாகச் சொன்னார்: "இங்கே ஆள் மாறிண்டே இருப்பா. பேரெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? கட்டில் மாறாதோல்லியோ."

அங்கே அதுதான் வழக்கம். ஒருவனுக்கு மாற்றலாகும், ஒருவனுக்குக் கல்யாணமாகும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அடுத்தவன் வருவான். மெஸ் கணக்கு, பால், தோபி போடுகிற சலவைக் குறி எல்லாம் கட்டிலின் பேரில்தான். ஜன்னல் கட்டிலின் குறி காலரின் உள்ளே கறுப்பு மையில் ஒரு சின்னக் கொக்கி. என் புதுச் சட்டைகள் முதல் சலவையிலிருந்து கொக்கியோடு வந்தன. அதோடு கைகள் முழங்கைக்கு மேல் மடித்து, மடிப்பு அழியாதபடி அழுத்தி இஸ்திரி போட்டு வந்தன. இறக்கிவிட்டால் கசங்கின கோடு தெரியும். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது, ஒருநாள்தானே என்று அப்படியே போனேன். தெருமுனை சலூன்காரர் எந்த அறை, எந்தக் கட்டில் என்று விசாரித்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வலப்பக்கம் வகிடு எடுத்துவிட்டார்.

சண்டை போட்டிருக்கலாமே என்பீர்கள். போட்டேன், சுவாமி. கிட்டுவிடம் சாம்பார் முதலில் வேண்டும் என்று சொன்னேன். அவர் சரி என்பார். மறுநாள் கைப்பழக்கத்தில் ரசம் விழும். பம்பாயில் எட்டரை மணி வண்டிக்கு ஓடுகிறவனுக்கு ரசத்தைப் பற்றிப் போராட்டம் நடத்த நேரம் ஏது? விட்டுவிட்டேன். மழை தொடங்கியபோது ஒருநாள் கிட்டு மறந்துபோய் எனக்குச் சாம்பாரை முதலில் ஊற்றினார். எனக்குக் கோபம் வந்தது. "ரசம் எங்கே?" என்று அதட்டினேன். அதட்டிய பிறகுதான் என் காதில் அது விழுந்தது. அன்றைக்கு அறைக்கு வந்து கட்டிலில் படுத்துப் பார்த்தேன். கால்மாட்டில் மிச்சம் எதுவும் இல்லை. நாடா சுருங்கியதா, நான் நீண்டேனா, இன்றுவரை தெரியாது. ஜன்னல் சாத்தியிருந்தது. சாத்தியது நான்தான்.

அடுத்த ஞாயிறு தாராவிக்குப் போனேன். அக்கா வாசலிலேயே நின்று என் தலையைப் பார்த்தாள், மடித்த சட்டைக்கையைப் பார்த்தாள். தட்டில் சோறு போட்டுக் குழம்பை ஊற்றினாள். கருவாட்டு வாடை எழுந்து வந்தது. எனக்குக் குமட்டியது. வேண்டுமென்று செய்ததில்லை, என் கை தானாகத் தட்டைத் தள்ளியது. ரசம் இருந்தால் முதலில் ஊற்றேன் என்று கேட்டேன்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏலே, நீ யாருலே?" என்றாள்.

அத்தான் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவள் கண்ணில் பயம் இருந்தது. அக்கா பயந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எனக்கு வீம்பு வந்துவிட்டது. மனுஷனுக்கு ருசி மாறக்கூடாதா, எனக்குப் பிடிக்கவில்லை என்றால் விடேன் என்று கத்தினேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "உனக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு என்னை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டாள். கேட்டுவிட்டு, அந்தக் கட்டிலில் எனக்கு முன்னால் இருந்தவன் செத்துப்போனானா என்று விசாரிக்கச் சொன்னாள்.

சாகவில்லை. தங்கராஜ் என்று பெயர், கல்யாணமாகி, பம்பாய்க்கு வெளியே கல்யாண் என்கிற ஊரில் குடியிருக்கிறார் என்று மணி சொன்னார். அடுத்த விடுமுறைக்கு அக்கா என்னை இழுத்துக்கொண்டு கல்யாண் வண்டியில் ஏறிவிட்டாள். உன்னுடைய வழக்கத்தையெல்லாம் நீயே வைத்துக்கொள் என்று அவரிடம் சொல்லிவிட்டு வருவதாகத் திட்டம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. கடன் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுக்கப் போகிற மாதிரி போனோம்.

கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் நான் படியிலேயே நின்றுவிட்டேன். வலப்பக்கம் வகிடு. முழங்கைக்கு மேல் மடித்த சட்டை. கண்ணாடி பார்ப்பதுபோல இருந்தது, கண்ணாடிக்குள் நின்றவர் என்னைவிட அரையடி உயரம் என்பதைத் தவிர. அவரும் என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் தெரிந்தது. அவர் மனைவி காப்பி கொண்டுவந்தாள், சாசரால் மூடி. புது மணப்பெண்ணுக்கே உரிய பெருமையோடு, இவருக்கு இப்படித்தான் பிடிக்கும், ரசம்கூட முதலில் ஊற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அக்கா நேராகக் கேட்டாள். "தம்பி, இதெல்லாம் ஒங்க வழக்கமா?"

தங்கராஜ் உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இல்லக்கா. எனக்கு முன்னால இருந்தவருதுன்னு நெனச்சேன். அவரு பூனாவுல இருக்காரு, போய்ப் பாத்தேன். அவரும் அவருக்கு முந்தின ஆளோடதுன்னு சொல்லுதாரு."

"அப்போ ஒங்களுக்கு என்னதான் பிடிக்கும்?"

அவர் யோசித்தார். ஒரு பெரிய மனுஷன் அப்படி யோசித்து நான் பார்த்ததில்லை. சட்டைப் பையில் எதையோ தேடுகிறவர்போல முகம் மாறியது. கடைசியில், "அது எங்கம்மாவுக்குத்தான் தெரியும்" என்றார். "அம்மா போன வருசம் தவறிட்டாங்க."

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். தாதரில் இறங்கும்வரை விடவில்லை. வண்டி முழுக்கக் கூட்டம். அவள் யாரையும் சட்டை செய்யாமல் என் காதருகே சொல்லிக்கொண்டே வந்தாள். நீ கருப்பட்டிக் காப்பிதான் குடிப்ப. சாம்பாரை ஊத்து ஊத்துன்னுவ. வகிடு இடப்பக்கம். ஜன்னல அடச்சா மூச்சு முட்டுதுன்னு அழுவ. மேலே என் பிடித்தங்கள் என்று பெருமையாகச் சொன்னேனே, அவையெல்லாம் அந்த வண்டியில் அக்கா சொல்லித் தெரிந்துகொண்டவைதான். பிடித்திருந்ததாக எனக்கு நினைவில் ஒன்றுகூட இல்லை.

அந்த வாரமே கட்டிலைக் காலி செய்தேன். தாராவி அறையில் அத்தானும் நானும் தலையும் காலுமாகப் படுத்தோம். ஞாயிறுதோறும் அக்கா கருவாட்டுக் குழம்பு வைத்து, நான் தின்பதைக் கண்கொட்டாமல் பார்ப்பாள். நன்றாக இருக்கிறது என்பேன். அவள் முகம் தெளியும். எனக்கு உண்மையிலேயே பிடித்ததா, அவள் முகம் தெளிவது பிடித்ததா என்று கேட்டால் பதில் கிடையாது. சில மாதம் கழித்து மாட்டுங்கா ஸ்டேஷனில் ஓர் இளைஞன் என்னைக் கடந்து போனான். வலப்பக்கம் வகிடு, மடித்த சட்டைக்கை. முன்பின் தெரியாதவன், என்னைப் பார்த்துத் தெரிந்தவன்போலப் புன்னகை செய்தான். அவன் ஏறிய வண்டியை விட்டுவிட்டு நான் அடுத்த வண்டிக்குக் காத்திருந்தேன்.

அக்கா இருந்தவரைக்கும் சாசர் என் பக்கம் வரவில்லை. அவள் போய்ச் சில வருஷமாகிறது. வீட்டில் என் காப்பியின் மேல் சாசர் எப்போது திரும்பி வந்தது என்று அன்றுவரை நான் கவனிக்கவில்லை.

செம்பூர் ஹோட்டலில் நான் சாசரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மகள் சிரித்தாள். "நீங்க கை கழுவப் போனப்போ நான்தாம்ப்பா சொல்லிவச்சேன். சாப்பாட்டுக்கும் ரசம் முதல்லன்னு சொல்லியாச்சு."

எனக்கு இது பிடிக்காதும்மா என்றேன்.

"உங்களுக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றாள்.

மாட்டுங்காவில் அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். மெஸ் இருந்த இடத்தில் செல்போன் கடை. இரும்புக் கட்டில் பழைய இரும்புக்குப் போயிருக்கும், உருக்கி வேறு எதையாவது செய்திருப்பார்கள், அது யார் வீட்டில் இருக்கிறதோ. கருவாட்டுக் குழம்புக்காகப் பாதிரியாரைக் காக்கவைத்த ஒரு பையன் இருந்தான் என்பதற்கு அக்கா ஒருத்திதான் சாட்சி. அவளும் இல்லை. மகளிடம் நான் மேற்கொண்டு வாதாடவில்லை. அவளுக்குத் தெரிந்த அப்பா இவன்தான்.

அவள் ஏதோ பேசிக்கொண்டே தன்னுடைய கப்பின் மேலும் சாசரைக் கவிழ்த்து மூடினாள். இருவரும் காப்பி ஆறட்டும் என்று காத்திருந்தோம்.