மேஸ்திரியிடம் சொன்ன பதில்

மயிலாப்பூரில் அந்தப் பழைய வீட்டை வாங்குவதற்கு முன் மூன்று பேரைக் கூப்பிட்டு வாஸ்து பார்த்தேன். முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். அது பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. ஆடி பிறப்பதற்குள் வீட்டை இடித்துப் பூமி பூஜை போட்டுவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு.

இடிக்க வந்த மேஸ்திரி மணி, கூரையில் கை வைக்கும் முன் கேட்டார். "ரொம்பப் பழைய பில்டிங்கா கீதே சார். கவர்மென்ட் லிஸ்ட்ல கீதான்னு பாத்தியா?"

"அதெல்லாம் பாத்தாச்சு. நீ வேலையப் பாரு."

கூரையைப் பிரித்த மறுநாளே அதிகாரிகள் வந்தார்கள். வீடு பட்டியலில் இருந்தது. அனுமதி வரும்வரை இடிக்கவும் கூடாது, கட்டவும் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் அலுவலகத்துக்கு அலைந்துகொண்டிருக்கும்போதே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சுவர் ஊறிவிடுமே என்று மணியைக் கூப்பிட்டுத் தார்ப்பாய் கட்டச் சொன்னேன். அவர் ஏணியில் நிற்கும்போது பின்சுவர் சரிந்து அவர்மேல் விழுந்தது.

வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அவருடைய மனைவி என்னைத் திட்டித் தீர்த்தார். மணிதான் அடக்கினார்.

"கம்முனு இரு. சார் எல்லாம் பாத்துட்டுதான் நம்மள எறக்கினாரு. ஆபீஸ்ல எவனோ அவருக்குத் தப்பா சொல்லிக்கிறான். இல்ல சார்?"

நான் தலையை ஆட்டினேன்.

முதல் பொய்யை ஆடிக்கு முன் முடிக்கிற அவசரத்தில் சொன்னேன். இந்த இரண்டாவது பொய்க்கு எனக்கு எந்த அவசரமும் இருக்கவில்லை.