ஆயிரத்தெட்டுக் கல்

மருந்துக் குளிசைகளை இரண்டு முறை எண்ணிய பிறகுதான் விழுங்குகிறேன். படியேறும்போது படிகளை எண்ணுகிறேன்; பதினேழு வராவிட்டால் இறங்கிப் போய் மறுபடியும் ஏறுகிறேன். முழங்காலுக்கு இது நல்லதல்ல என்று மனைவி சொல்கிறாள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு, டீட்டிகோன் என்ற, ஜெர்மன் பேசும் ஊரில் ரயில் பாதையோரம் இருந்த ஒரு தோட்டத்துண்டைத்தான் சொல்லவேண்டும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பன்னிரண்டு வயது. நானும் அப்பாவும் முதலில் வந்துவிட்டோம். அம்மாவும் தங்கையும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அப்பா ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். அங்கே தலைமைச் சமையற்காரருக்கு முதுகு பிடித்துக்கொள்ள, தன் தோட்டத்துண்டை அந்த வருடம் அப்பாவிடம் விட்டார். நடந்து அளந்தால் பதினொரு எட்டு நீளம், ஏழு எட்டு அகலம்.

மார்ச்சில் பனி உருகியதும் அப்பா நிலத்தைக் கொத்திப் புரட்டினார். மண்ணைவிடக் கல்தான் அதிகமாக வந்தது. கல் கிடந்தால் கரட் நேராக இறங்காது, இரண்டு காலாகப் பிளந்துவிடும் என்றார். எரு போடுவதற்கு முன் பொறுக்கியாக வேண்டும். அப்பாவுக்கு மத்தியானத்திலிருந்து வேலை. எனக்குப் புதன்கிழமை பிற்பகலில் பள்ளிக்கூடம் இல்லை. ஆகவே கல் என் பங்கு.

"எத்தனை பொறுக்கவேணும்?" என்று கேட்டேன்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ஆயிரத்தெட்டு." கோயிலில் சங்காபிஷேகத்துக்கு அடுக்கும் சங்குகளின் தொகை அது. "ஆயிரத்தெட்டும் முடிய கொம்மா வந்து நிப்பா. அவவே தக்காளிக் கண்டு நடட்டும்."

விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். அம்மாவை அழைப்பதற்கான விண்ணப்பம் போய் ஐந்து மாதமாகியிருந்தது. நல்ல பதில் வருமென்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். நானோ அதை நேர்த்திக்கடனாகவே எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமைகளில் அந்தத் தோட்டங்களில் பெரும்பாலும் ஆளிராது. ரயில் போகும், பெட்டிகளை எண்ணுவேன். பிறகு வாளியில் கல் விழும் சத்தம் மட்டும். தமிழில் கதைக்க யாருமில்லாததால் கற்களை உரத்த குரலில் தமிழில் எண்ணினேன். விரல் விறைத்தால் கக்கத்துக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். கற்களை வேலியோரம் குவித்து, தொகையைக் கொப்பியில் எழுதுவேன். முந்நூற்றுப் பதினோராவது கல் கறுப்பு. குறுக்கே மூன்று வெள்ளைக் கோடுகள், திருநீறு பூசிய நெற்றி மாதிரி. அதைக் குவியலின் உச்சியில் வைத்துக் கும்பிட்டேன்.

ஏப்ரலில் ஒரு சாம்பல்நிற உறை வந்தது. வீட்டுக்கு வரும் ஜெர்மன் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்வது. அதை மட்டும் அப்பா தரவில்லை. "இது வேலை விசயம். நான் அங்க காட்டுறன்," என்று சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அம்மாவுக்கு அனுமதி இல்லை என்ற அந்தக் கடிதத்தை நான் வாசித்தது முப்பது வருடங்களுக்குப் பிறகு, அவருடைய பெட்டியை ஒழுங்குபடுத்தியபோது.

அதன்பின் என் வேலை முடிவதாயில்லை. துப்புரவாக்கிய மூலையிலேயே மறுபடி கல் கிடந்தது. பக்கத்துத் துண்டுக்காரக் கிழவர் ஒருநாள் வந்திருந்தபோது கேட்டேன். குளிர்தான் கல்லை மேலே தள்ளுகிறது, ஒவ்வொரு வருடமும் இப்படித்தான் என்றார். நம்பினேன். அறுநூற்று நாற்பதாவதாக மூன்று கோட்டுக் கல் ஒன்று வந்தது. குவியலின் உச்சியில் பழையதைக் காணவில்லை. அது சரிந்து உள்ளே போயிருக்கும், இது அதன் தம்பி என்று முடிவுசெய்தேன்.

எழுநூற்று முப்பத்தொன்றில் சந்தேகம் வந்தது. குவியல் பெருக்கவேயில்லை. ஒரு புதன்கிழமை முழுவதும் அதைப் பிரித்து எண்ணினேன். ஐந்நூற்று எண்பத்து மூன்று. இன்னொரு முறை எண்ணினேன். அதே தொகை. கிழவரின் பாத்தியைச் சுற்றி வரிசையாகக் கல் பதித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

மாலையில் வீட்டுக்கு வந்தேன். கதவோரம் அப்பா தோட்டத்துக்குப் போடும் பழைய சப்பாத்துகள் இருந்தன. காலையில் காய்ந்து கிடந்தவற்றில் ஈரமண் அப்பியிருந்தது. அவர் வேலையால் வரும்வரை காத்திருந்தேன்.

"அப்பா, பக்கத்துத் தோட்டக்காரர் எங்கட கல்லைக் களவெடுக்கிறார்."

"உன்ர கல்லை வைச்சு அந்தாள் என்ன, கோட்டை கட்டப்போறாரோ?"

"அப்ப எப்பிடிக் குறைஞ்சது? எழுநூற்று முப்பத்தொண்டு பொறுக்கினனான். கொப்பியில கிடக்கு. குவியலில அவ்வளவு இல்லை."

அப்பா மேல்கோட்டைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டினார். மாட்டுவதற்கு வெகுநேரம் எடுத்தது.

"கடவுளிட்டப் பொய்க்கணக்குக் காட்டேலாதப்பா," என்றேன். "குறைஞ்சதைக் கழிச்சுப்போட்டு, மிச்சத்தைத் திரும்பப் பொறுக்கிறன்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பியபடியே நின்றார். "ஓம், ஓம். அப்ப இன்னும் நானூற்றி இருபத்தைஞ்சு கிடக்கு. ஆறுதலாப் பொறுக்கு தம்பி. அவசரமில்லை."

கொப்பியைத் திறந்து கழித்துப் பார்த்தேன். சரியாக நானூற்று இருபத்தைந்து. குவியலில் எத்தனை இருந்தது என்று நான் அவரிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அன்று எனக்குப் பட்டதெல்லாம், தாளும் பென்சிலும் இல்லாமல் அப்பா எவ்வளவு விரைவாகக் கழிக்கிறார் என்பதுதான். அதையே மறுநாள் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொன்னேன்.