துடுப்பைக் கடித்த காலை

கடல் இரைச்சலில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காது நன்றாகக் கேட்கிறவர்களின் கொழுப்பு அது.

சின்ன வயதில் ஒரு மழைக்காலம் முழுக்க எனக்குக் காது அடைத்துப்போயிற்று. அம்மை இறங்கியபின் இரண்டு காதிலும் சீழ். அடையாறு கடலில் கலக்கும் இடத்தில் எங்கள் குடிசை. வாசலில் அலை ஊமையாக வந்து ஊமையாகப் போனது. காகம் சும்மா வாயைத் திறந்து மூடியது. பக்கத்தில் வந்து கத்தினால்தான் பேச்சு எட்டும். உள்ளே நரம்பு உயிரோடு இருந்தால் சீழ் வற்றியதும் கேட்கும், செத்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது என்று தர்ம ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து அம்மா என்னைத் திட்டுவதையே விட்டுவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அம்மாவின் தம்பிதான் எங்கள் வீட்டுக்கு மீன் பிடித்து வருபவர். கத்தாழை மீன் கூட்டமாக வந்தால் தண்ணீருக்குள் கத்தும். துடுப்பை நீரில் இறக்கி, மேல்நுனியில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் வலை வீசுவார்கள். வலை விழுந்ததும் சத்தம் நின்றுவிடும்.

மழை விட்ட ஒரு காலை மாமா என்னைத் தூக்கிக் கட்டுமரத்தில் உட்காரவைத்தார். பெண்கள் மரத்தில் கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அம்மா ஓடி வந்து போட்ட கூச்சல் எனக்கே கேட்டது.

“பொட்டப்புள்ளய ஏத்திக்கினு எங்கடா போற? அப்புறம் மீன் மாட்டுமா?”

“ஆத்து வாய்க்குத்தான் போறேன் யக்கா. நீ போய்க் கூடயக் கழுவி வை.”

அன்று மீன் வந்தால்தான் வீட்டில் சோறு. அம்மா அதைப் பங்களாக்களில் விற்று அரிசி வாங்கி வரவேண்டும்.

மாமா துடுப்பை இறக்கிக் கேட்டார். முகம் மலர்ந்தது. நிறைய மீன். என்னிடம் துடுப்பைக் கொடுத்துவிட்டு வலையைத் தோளில் எடுத்தார். நானும் காதை வைத்தேன். ஒன்றுமில்லை. மறு காதை வைத்தேன். அதுவும் இல்லை. வந்த ஆத்திரத்தில் துடுப்பின் நுனியைக் கடித்தேன்.

பல்லில் ஏறி மண்டைக்குள் கேட்டது. குர்ர் குர்ர் என்று, ஊர்க் கிழவர்கள் எல்லாம் சேர்ந்து தொண்டையைச் செருமியதுபோல. அழகான சத்தமெல்லாம் இல்லை. ஆனாலும் நான் பல்லை எடுக்கவில்லை. அந்தத் தாளத்தை மரத்தில் தட்டித் தட்டி மாமாவுக்குக் காட்டினேன். அவர் குனிந்து தானும் துடுப்பில் காதை வைத்துச் சரிபார்த்தார். பிறகு வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மீன்கள் விலகிப் போய்க் கடைசிச் செருமலும் அடங்கும்வரை வலை நீரில் விழவில்லை.

“போச்சு எல்லாம். இன்னா மாமா, தூங்கிட்டியா?” என்று கத்தினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு துடுப்புப் போட்டார்.

மாசி வெயிலில் சீழ் வற்றிக் காது திறந்தது. இன்று காகம் கத்தினாலும் ஓலையில் காற்று அடித்தாலும் எனக்குத் திருப்திதான். அன்று அதெல்லாம் எங்கே தெரிந்தது? அன்று நாங்கள் கரைக்கு வந்ததும் அம்மா வெறும் மரத்தைப் பார்த்தாள். மாமா அவளிடம் ஏதோ சொன்னார். அது எனக்குக் கேட்கவில்லை. அம்மா நேராக என்னிடம் வந்து என் காதில் கத்தினாள்.

“துடுப்பக் கடிக்கிறியாடி, நாயே? பல்லு போச்சுன்னா எவன்டி உன்னக் கட்டுவான்?”

மாமா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். கூடை காலி, பசி வேறு. இதில் இவர்களுக்கு என்ன சிரிப்பு என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.