ஏரிக்கு மேலே படுத்துக் கிடந்த தேங்காய்

கண்ணுகளா, நம்ம காங்கேயம் பக்கத்தில் உங்கப்பனுக்கு ஒரு பேர் இருந்தது. நீரோட்டம் பார்க்கிறவன். உரித்த தேங்காயைக் குடுமியோடு உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் நடப்பேன். கீழே தண்ணீர் இருக்கிற இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். அங்கேதான் போர் போடுவார்கள். சிலருக்குத் தண்ணீர் வந்தது, சிலருக்கு வரவில்லை. வந்தவர்களை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

நம்ம தோட்டத்தில் மூன்று போர் போட்டும் புழுதிதான் பறந்தது. தென்னை மட்டையெல்லாம் தொங்கிவிட்டது. நாலாவதாக ஒரு இடத்தில் தேங்காய் விறைப்பாக நின்றது. திங்கட்கிழமை போர் வண்டியை வரச் சொன்னேன். அதில் தண்ணீர் வந்தால் மரம் பிழைக்கும், இல்லாவிட்டால் அவ்வளவுதான். லீவு முடிவதற்குள் குகை பார்க்க வேண்டும் என்று நீங்கள் அடம் பிடித்ததால், அதற்கு முன்னால் காரை எடுத்துக்கொண்டு ஆந்திராவுக்குப் போனோம்.

குகைக்குள் இரும்புப் படியில் இறங்க இறங்கச் சட்டை உடம்போடு ஒட்டியது. அடியில் ஏரி, லைட் வெளிச்சத்தில் பச்சையாக, அசையாமல் கிடந்தது. நீங்கள் ஓவென்று கத்தி எதிரொலி கேட்டீர்கள். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு மரத்துக்கும் உதவாமல் இவ்வளவு தண்ணீரா? கம்பியைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றேன்.

"ஏனுங்க, பாத்தது போதும், வாங்க" என்று உங்கம்மா கையைப் பிடித்து இழுத்தாள்.

மேலே வந்ததும் கைடு ஒரு பாறையைக் காலால் தட்டினார். "இதுக்கு நேர் கீழே அந்த ஏரி சார்" என்றார், தெரிந்த தமிழில்.

பாப்பா, நீதான் குதித்தாய். "அப்பா, தேங்கா வெச்சுப் பாருங்கப்பா!" வழியில் கோயிலில் உடைப்பதற்காகக் காரில் வைத்திருந்த காயை ஓடிப்போய் எடுத்து வந்தாய்.

"எல்லாரும் பாக்கறாங்க, வேண்டாமுங்க" என்றாள் அம்மா.

நான் சிரித்துக்கொண்டே வைத்தேன். எழவில்லை. பத்தடி தள்ளிப் போய் வைத்தேன். கை மாற்றினேன். படுத்தே கிடந்தது.

"ஆந்திரா தண்ணிக்குத் தமிழ் புரியாதுங்கப்பா" என்றாயே தம்பி, கைடு உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் காயைத் திருப்பிக் கொடுக்காமல் என் விரல்களையே பார்த்தேன். அந்தப் பாறையில் எனக்குத் தண்ணீர் தேவையில்லை, கை சும்மா இருந்தது. நம்ம தோட்டத்தில், எந்திரிச்சிரு சாமி, எந்திரிச்சிரு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டு நடந்தேனே, அப்போது விரலை மடக்கியது நான்தானா? என்னை நம்பிப் போர் போட்டு ஏமாந்தவர்கள் முகமெல்லாம் வரிசையாக வந்தது.

நீங்கள் ஐஸ்கிரீம் வாங்கப் போனபோது போர் வண்டிக்காரருக்குப் போன் போட்டேன்.

"திங்கக்கிழமை வர வேண்டாமுங்க."

"வேற பாயிண்ட் பாத்துட்டீங்களாங்க?"

"இல்லீங்க. இனிமே நான் பாக்கறதில்லீங்க."

தர்மபுரி தாண்டும்போது பின் சீட்டில் இருந்து நீ கேட்டாய் பாப்பா: "போர் வண்டி வந்தா நம்ம மரமெல்லாம் பொழச்சுக்குமாங்கப்பா?" நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போர் வண்டியை வர வேண்டாமென்றதை அவளிடம் நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை, ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நீ கேட்டதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். பிழைக்காது கண்ணு. அது எனக்கு அந்தப் பாறை மேலேயே தெரிந்துவிட்டது.