ஒரே மாதத்துக்கு இரண்டு பை

இந்த ஊரில் கத்தரிக்காய் வாங்குவதற்கே கொஞ்சம் கணக்குப் படித்திருக்க வேண்டும். ஒரு ரூபாய்க்கு இருபத்தெட்டுச் சக்கரம், ஒரு சக்கரத்துக்குப் பதினாறு காசு. அந்த ரூபாயும் நம் ரூபாய் அல்ல, திருவிதாங்கூர் சர்க்கார் ரூபாய். நம் ஊர் ரூபாயை நீட்டினால் அரைச் சக்கரம் கூடுதலாகக் கிடைக்கும். பதினாறு அணாவை அரை, கால், அரைக்கால் என்று உடைத்து உடைத்துப் பழகிய திருநெல்வேலிக்காரி நான். இருபத்தெட்டில் பாதி பதினாலு, கால் ஏழு, அதற்குமேல் உடைக்கப் போனால் கை வழுக்கும். சாலைக் கடைத்தெருவில் காய் விற்கிற பெண் நான் விரல் மடக்குவதைப் பார்த்தே "பாண்டியோ?" என்று சிரிப்பாள். பாண்டி நாட்டுக்காரி என்பதை இவர்கள் அப்படிச் சொல்வார்கள். இங்கே வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இப்போது சக்கரம் கைக்குப் பழகிவிட்டது. ஆனாலும் மனசுக்குள் எந்த விலையையும் ஒருமுறை அணாவாக்கிப் பார்த்தபிறகுதான் அது அதிகமா குறைவா என்று எனக்குத் தெரிகிறது.

காசைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இவர்களுடைய வருஷம்தான் என்னைக் கவிழ்த்தது. நமக்குச் சித்திரையில் பிறக்கிற வருஷம் இங்கே ஆவணியில் பிறக்கிறது. நம் ஆவணிக்கு இங்கே சிங்கம் என்று பெயர், நம் ஆடிக்குக் கர்க்கடகம். மாதம் ஒன்றுதான், ஆனால் நமக்கு நடுவில் வருகிற ஆடி இவர்களுக்குக் கடைசி மாதம். பெயரும் வரிசையும்தானே வேறு, அதனால் என்ன வந்துவிடப் போகிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் சாலையில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதுகிறார். அந்த முதலாளிக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. வருஷச் சம்பளம் முழுவதையும் சிங்கம் முதல் தேதியன்று மொத்தமாகக் கையில் கொடுத்துவிடுவார். வாங்கியவன் ஒரு வருஷம் நகர முடியாது அல்லவா? அதன்பிறகு தலைகீழாக நின்றாலும் பத்துச் சக்கரம் பெயராது. எங்களுக்குக் கல்யாணம் ஆன வருஷம் அந்தச் சம்பளம் நூற்று அறுபத்தெட்டு ரூபாய். ஆவணி நடுவில் கல்யாணம், மறுவீடு முடிந்த கையோடு வலியசாலைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் பின்கட்டுக்கு வாடகைக்கு வந்துவிட்டோம். பெட்டியைத் திறந்து பணத்தை என்னிடம் கொடுத்து, "இனி உன் பாடு" என்றார். அவ்வளவு பணத்தை நான் அதுவரை ஒருசேரப் பார்த்ததில்லை. அன்றைக்கு எங்களைவிடப் பணக்காரர் திருவனந்தபுரத்தில் மகாராஜா ஒருவர்தான் இருக்க முடியும் என்று தோன்றியது.

கடையில் கழிந்த துண்டுத் துணிகளை அவர் கொண்டுவந்தார். நான் பன்னிரண்டு சுருக்குப் பை தைத்தேன். சீட்டித் துணி புரட்டாசி, கோடு போட்டது ஐப்பசி, காக்கி கார்த்திகை என்று மாதத்துக்கு ஒரு துணி. அந்த மாதப் பையைத்தான் அந்த மாதம் தொடலாம், அடுத்ததில் கைவைக்கக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். மாதத்துக்குப் பதினாலு ரூபாய். வாடகை இரண்டு, மிச்சத்தில் அரிசி, பருப்பு, விறகு, விளக்கெண்ணெய், பால் எல்லாம். ஆடிப் பையை மட்டும் ஒரு மஞ்சள் பட்டுத் துண்டில் தைத்தேன். அது தலை ஆடி. கல்யாணத்துக்குப்பின் வருகிற முதல் ஆடிக்கு அப்பா சீர் கொண்டுவந்து பெண்ணை அழைத்துப்போவார், மாதம் முழுவதும் அம்மா வீடு. இது ஊரறிந்த வழக்கம். அம்மா வீட்டில் இருக்கப்போகிறவளுக்கு இங்கே என்ன செலவு? வாடகைக்கு இரண்டும் விளக்குக்கு ஒன்றும் என்று மூன்று ரூபாய் போட்டுப் பட்டுப் பையை முடிந்தேன். மிச்சம் பதினொன்றைத் தீபாவளிக்கு ஐந்து, பொங்கலுக்கு நாலு, சித்திரைக்கு இரண்டு என்று பிரித்துப் போட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பட்டுப் பையை முடிந்தபோது ஏதோ சொல்ல வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு வெற்றிலைச் செல்லத்தை எடுத்துக்கொண்டார்.

அந்த வருஷம் நான் ஆடியை நினைத்தே பதினோரு மாதத்தை ஓட்டினேன். இங்கே தேங்காய் எண்ணெயில் வறுத்த எதையும் வாயில் வைக்க முடியாத நாட்களில், அம்மா நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து தரும் இட்லிப் பொடியை நினைத்துக்கொள்வேன். ஆடிப் பெருக்கன்று குறுக்குத்துறையில் எங்கள் தெருவே கூடும். பித்தளைத் தூக்கில் புளியஞ்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு. தாமிரபரணியில் கழுத்தளவு நின்றுவிட்டு ஈரச் சேலையோடு படித்துறையில் உட்கார்ந்து சாப்பிட்டால் அந்தப் புளிப்பே தனி. அம்மா தனக்கு எடுத்து வைத்த வறுத்த வேர்க்கடலையை யாருக்கும் தெரியாமல் என் கையில் திணிப்பாள். அந்தக் கையின் உப்பு எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

வைகாசியில் ஒருநாள் வீட்டுக்காரம்மா பாருக்குட்டியம்மா கிணற்றடிக்கு வந்தார். அவரிடம் இருபது வருஷமாகத் தமிழர்களே குடியிருந்ததால் அவருடைய பேச்சு எனக்குப் பாதி புரியும். "கர்க்கடகத்துக்கு வேண்டதெல்லாம் கருதி வச்சோ, மோளே?" என்று கேட்டார். நான் பெருமையாக, "ஆடிக்கு நான் எங்க அம்மை வீட்டுக்குல்லா போறேன்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, தணிந்த குரலில், "எந்து பற்றி? அவனோடு பிணங்கியோ?" என்றார். என்ன ஆயிற்று, சண்டையா என்கிறார். எங்களுக்குள் சண்டை ஏதும் இல்லை, இது வழக்கம் என்று எவ்வளவோ சொன்னேன். அவர் நம்பவில்லை. பிறந்த வீட்டிலேயே பிள்ளை பெற்று, பிறந்த வீட்டிலேயே மூத்து, அங்கேயே இருக்கிறவர் அவர். அம்மா வீட்டுக்குப் போவது என்றால் என்னவென்று அவருக்கு எப்படிப் புரியும்? அதிலும் கர்க்கடகத்தில், மழையில், ஒருத்தி வீட்டைவிட்டுப் புறப்படுவதா? மறுநாள் எனக்கு ஆறுதலாக ஒரு பெரிய பலாப்பழத்தை ஆளிடம் கொடுத்தனுப்பினார். நாங்கள் இருவரும் அதைத் தின்று தீர்க்க நாலு நாள் ஆயிற்று. கருதி வைப்பது என்று அவர் சொன்னது விறகும் அரிசியும் சேர்த்து வைப்பதைத்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அப்பா ஆனிக் கடைசியில் வந்தார். நாகர்கோவில் பஸ்ஸிலிருந்து கிழக்கேகோட்டையில் இறங்கி வருவதற்குள் முழுக்க நனைந்துவிட்டார். அப்படி ஒரு மழையை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. துணி மூட்டைக்குள் இருந்த முறுக்கு நமுத்துவிட்டது. கருப்பட்டி, வத்தல், துவரம்பருப்பு, எனக்கு ஒரு அரக்குச் சேலை, மாப்பிள்ளைக்கு வேட்டி. சேலையைத் தொட்டுப் பார்த்தேன். அம்மா கடையில் நின்று எத்தனை சேலையைக் கலைத்துப்போட்டிருப்பாள் என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது. மறுநாள் காலை பஸ். என் பெட்டி பத்து நாளுக்கு முன்பே கட்டியாயிற்று.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு இருவரும் உட்கார்ந்தார்கள். ஈரவிறகு புகைந்து அடுக்களையில் கண் திறக்க முடியவில்லை. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சாதாரணமாகக் கேட்டார்: "மாப்ளைக்குச் சாப்பாடு எங்க ஏற்பாடு பண்ணியிருக்க, கோமு?"

"அவுக அம்மை பொங்கிப் போடுவாகள்லா" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவருடைய அம்மா பாளையங்கோட்டையில் இருக்கிறாள். நம் ஊரில் ஆடிக்குப் பெண் போனால் மாப்பிள்ளைக்கு அவன் அம்மா சோறு போடுவாள். அது யாரும் யோசித்துச் செய்கிற ஏற்பாடு அல்ல, காற்றுப்போல இருக்கிற ஒன்று. அதை அப்படியே இங்கே தூக்கிவந்து, இல்லாத மாமியாரை நம்பிப் பட்டுப் பையை முடிந்திருக்கிறேன். வருஷம் முழுக்கக் கறிவேப்பிலைக்கும் கணக்குப் பார்த்தவள், கட்டிய புருஷனின் வயிற்றை மறந்துவிட்டேன்.

"அத விடுங்க மாமா. ஒரு மாசந்தான. நான் பாத்துக்கிடுதேன்" என்றார் அவர், தலை நிமிராமல்.

எப்படிப் பார்த்துக்கொள்வார்? ஓட்டலில் வேளைக்கு மூன்று சக்கரம். முப்பத்திரண்டு நாளுக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு சக்கரம், ஏழு ரூபாய்க்கு நாலு சக்கரம் குறைவு. வாடகை போகப் பையில் இருப்பது ஒரு ரூபாய். மற்ற பதினோரு பையும் சுருங்கித் தொங்குகின்றன. சித்திரையில் பிறக்கிற வருஷமாக இருந்தால் ஆவணிப் பையிலிருந்து எடுக்கலாம். இங்கே ஆடிக்குப் பின்னால் பையே இல்லை. பெரிய கோயில் ஊட்டுப்புரையில் பிராமணர்களுக்குத்தான் இலவச இலை, எங்களுக்குக் கிடையாது. வருஷக் கணக்கு முடிக்கிற மாதம் என்பதால் கடையிலிருந்து அவர் வருவதற்கே ஒன்பது மணி ஆகும், வந்து அவர் எதைப் பொங்குவது?

அப்பா படுத்தபிறகு கேட்டேன். "ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"நீ பைய முடிஞ்ச அன்னைக்கே தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"ஆடின்னு சொல்லும்போது ஒன் மொகத்தப் பாத்தேன். எனக்குக் கணக்கத் திருத்த மனசு வரல. ரெண்டு வேளைக்குப் பதிலா ஒரு வேளை தின்னாப் போச்சு."

அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. அதைவிட என்மேல். விடிய விடிய மழை ஓட்டின்மேல் இரைந்துகொண்டிருந்தது. போனால் இந்த மனிதர் ஒரு வேளைச் சோற்றோடு கணக்கெழுதுவார். நான் இருந்தால் அப்பா கொண்டுவந்த பருப்பையும் வத்தலையும் வைத்து இருவருக்கும் எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். ஆனால் போகாவிட்டால், தலை ஆடிக்கு மகள் வரவில்லை, சீரில் ஏதோ குறை, சண்டை என்று எங்கள் தெரு பேசும். தெரு கிடக்கட்டும். அம்மா வாசலில் நிற்பாள். அப்பா மட்டும் வண்டியிலிருந்து இறங்குவதைப் பார்ப்பாள்.

காலையில் பெட்டியைத் திறந்து துணிகளைக் கொடியில் போட்டேன். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளைச் சோற்றுக்கு மாமனார் பணம் கொடுப்பது எப்பேர்ப்பட்ட அவமானம் என்று அவருக்குத் தெரியும். கிளம்பும்போது மடியிலிருந்து இரண்டு பிரிட்டிஷ் ரூபாயை எடுத்து என் கையில் வைத்து விரல்களை மூடினார். "இது ஒன் வண்டிக்கூலி. மாப்ளைக்கு இல்ல, ஒனக்கு. எப்ப முடியுதோ அப்ப வா. ஒன் அம்மைட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றார். பாருக்குட்டியம்மா தன் ஓலைக்குடையைக் கொடுத்து அவரைப் பஸ்ஸுக்கு அனுப்பினார். நான் போகாததில் அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். எங்கள் பிணக்கத்தைத் தாம்தான் தீர்த்துவைத்ததாக அவர் இன்றுவரை நம்புகிறார்.

கர்க்கடகம் என்றால் என்ன என்று அந்த மாதம் தெரிந்தது. அரிசி விலை ஏறிற்று, காய்ந்த விறகு இரட்டை விலை. அவருடைய குடை இரண்டாம் வாரமே காற்றில் மடங்கிக் கம்பி ஒடிந்துபோயிற்று. அப்பா கொண்டுவந்த வத்தலும் பருப்பும், பாருக்குட்டியம்மா மண்ணில் புதைத்துவைத்துத் தந்த பலாக்கொட்டையும், மரச்சீனிக் கிழங்கும்தான் எங்களைக் காப்பாற்றின. மூன்றாம் வாரம் அரிசிப் பானை காலி. அந்த இரண்டு ரூபாயையும் சாலைக் கடைத்தெருவில் கொடுத்து ஐம்பத்தேழு சக்கரமாக மாற்றி அரிசி வாங்கினேன். அன்றைக்கு ஆடிப் பெருக்கு. என் வண்டிக்கூலியைப் பொங்கி நானே தின்றேன்.

அடுத்த வருஷம் முதல் நான் பதிமூன்று பை வைத்திருக்கிறேன். ஒடிந்த குடையின் கறுப்புத் துணியில் தைத்தது கர்க்கடகப் பை. அதில் மற்ற மாதங்களைவிட ஒரு ரூபாய் அதிகம். மஞ்சள் பட்டு ஆடிப் பையில் வண்டிக்கூலி மட்டும். அதைச் சக்கரமாகப் போடுவதில்லை. ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் சக்கரம் செல்லாது, அதனால் பிரிட்டிஷ் ரூபாயாக மாற்றித்தான் போடுவேன். அந்தப் பணத்தில் ஐந்து ஆடிக்குப் போய் வந்தேன். தலை ஆடிக்குப் போகாததை அம்மா ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். பிறகு அம்மா போனாள். மறுவருஷம் அப்பா. அண்ணன் அப்பா வீட்டை விற்றுவிட்டு ரங்கூனுக்குப் போனான், யுத்தம் வந்தபின் அவனிடமிருந்து கடிதம் இல்லை.

இப்போது இங்கே ரேஷன். ஆளுக்கு அளந்துதான் அரிசி, மிச்சத்துக்கு வெளியே யானை விலை. சம்பளம் கூடியிருக்கிறது, ஆனால் பன்னிரண்டாகப் பிரித்தால் பழைய கதைதான். போன கர்க்கடகத்தில் கறுப்புப் பை பதினேழாம் நாளே காலியாகிவிட்டது. உதறிப் பார்த்துவிட்டு ஆணியில் மாட்டினேன். அதே ஆணியில் பக்கத்தில் மஞ்சள் பை கனமாகத் தொங்கியது. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். பஸ் கட்டணம் ஏற ஏற அதற்குத் தக்கபடி ஒவ்வொரு சிங்கத்திலும் நான் கூட்டி வைத்திருக்கிற பணம். கை நீட்டப் போனேன்.

"வேண்டாம் கோமு. அது நீ ஊருக்குப் போற பணம்" என்றார்.

அங்கே எனக்குக் கதவு திறக்க யாரும் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கையை எடுத்துக்கொண்டு, அன்றைக்கு மரச்சீனி அவித்தேன்.